காஞ்சீவரம்: இங்கிலீஷுக்குப் போன பெயரும் போகாத சேரியும்

எங்கள் பக்கத்தில் எந்தக் கிராமத்தை எடுத்துக்கொண்டாலும் ஒரே பெயரில் இரண்டு இடம் இருக்கும். ஒன்று ஊர், இன்னொன்று சேரி. நடுவில் ஒரு வாய்க்காலோ ஏரிக்கரையோ நாலு கழனியோ கிடக்கும். பெயர் மட்டும் பொது. எங்கள் ஆயா அந்தப் பொதுப்பெயரைத் தன் இடத்துக்குச் சொல்லி நான் கேட்டதில்லை. "ஊருக்குள்ள போயிட்டு வந்துர்றேன் கண்ணு" என்றுதான் கிளம்பும். இருப்பது அந்த ஊர்தான், ரேஷன் கார்டிலும் அந்தப் பெயர்தான், ஆனாலும் "ஊருக்குள்ள" போகவேண்டியிருக்கிறது. வெளியே எங்காவது "எந்த ஊரு?" என்று கேட்டு, பெயரைச் சொன்னால் அடுத்த கேள்வி தயாராக இருக்கும்: "ஊரா, காலனியா?" ஊர்த்தெருக்காரனுக்கு அந்தப் பெயரே போதும். பெயரை முழுசாகச் சொல்லியும் போதாமல் போவது நமக்குத்தான்.

இப்படி இருவர் பங்குபோட்டுக்கொண்ட ஒரு பெயர் இங்கிலீஷுக்குப் போகிறபோது யார் பங்கு கூடவே போகிறது, யார் பங்கு இங்கேயே நிற்கிறது? காஞ்சிபுரத்தையும் அதைச் சுற்றிய கிராமங்களையும் வைத்து இதைப் பார்க்கலாம். ஏனென்றால் தமிழ்நாட்டு ஊர்ப்பெயர்களில் காஞ்சிபுரம் அளவுக்கு இங்கிலீஷில் புழங்கிய பெயர்கள் கொஞ்சம்தான்.

கம்பெனிக்காரன் காகிதத்தில் காஞ்சிபுரம் 'காஞ்சீவரம்' ஆனது. அவன் காதில் விழுந்ததை அவன் எழுத்தில் போட்டுக்கொண்டான். அதில் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. சங்கப் பாட்டில் அது கச்சி, மணிமேகலையில் கச்சிமாநகர், 7ஆம் நூற்றாண்டில் வந்த சீனத் துறவி யுவான் சுவாங் தன் நாக்குக்கு ஏற்றபடி எழுதினார். எழுத்துக்கூட்டலைப் பிடித்துக்கொண்டு சண்டை போடுகிறவர்கள் வேறே இருக்கிறார்கள், அவர்களிடம் பின்னால் வருகிறேன். அந்தச் சொல்லைக் கேட்டதும் இங்கிலீஷ் படித்தவன் மனசில் என்ன எழும்புகிறது என்பதே என் கேள்வி.

முதலில் எழும்பியது சண்டைக்களம். 1751இல் கிளைவ் இங்கே கோயிலைக் கோட்டையாகப் பிடித்தான். 1780இல் ஹெக்டர் மன்றோ காஞ்சிபுரத்தில் படையோடு உட்கார்ந்திருக்க, அவனோடு சேர வந்த பெய்லியின் படையைச் செப்டம்பர் 10ஆம் தேதி புள்ளலூரில் திப்பு சின்னாபின்னமாக்கினார். மன்றோ கனமான பீரங்கிகளைக் கோயில் குளத்தில் தள்ளிவிட்டுச் செங்கல்பட்டுக்கு ஓடினான். அந்தப் புள்ளலூர் இங்கிலீஷில் 'பொல்லிலூர்'. இந்தத் தோல்வியைப் பற்றி லண்டன்காரன் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறான், ஸ்ரீரங்கப்பட்டணத்து மாளிகைச் சுவரில் ஓவியமாகவும் இருக்கிறது. புள்ளலூரில் வெள்ளை அதிகாரிகளுக்கு நினைவுத்தூண் நிற்கிறது. மெட்ராஸ் படையின் சிப்பாய்களில் நம் சனம் எவ்வளவோ பேர் இருந்தார்கள். அவர்களுக்குத் தூண் கிடையாது.

அப்புறம் கோயில். 'ஆயிரம் கோயில் நகரம்', பெரிய காஞ்சி, சின்ன காஞ்சி, சிவன் ஒரு பக்கம், பெருமாள் ஒரு பக்கம். இங்கிலீஷ் சுற்றுலாப் புத்தகம் இப்படித்தான் ஊரை வகுத்துக் காட்டும். திருப்பருத்திக்குன்றத்துச் சமணக் காஞ்சி ஒரு வரியில் வந்துபோகும். நாலந்தாவின் தலைவராக இருந்த தர்மபாலர் காஞ்சிக்காரர் என்பதோ, காமாட்சி கோயில் பக்கம் புத்தர் சிலைகள் கிடைத்ததை 1915இல் கோபிநாத ராவ் எழுதினார் என்பதோ பெரும்பாலும் வராது. பறையர்கள் பூர்வ பௌத்தர்கள் என்று 1907 முதல் தன் பத்திரிகையில் எழுதிவந்த அயோத்திதாசப் பண்டிதரின் கண்ணில் தொண்டைமண்டலம் வேறொரு தொண்டைமண்டலமாக இருந்தது. அந்தப் பார்வைக்கு இங்கிலீஷில் இடம் கிடைக்க நூறு வருஷம் ஆயிற்று.

கடைசியில் புடவை. இன்றைக்கு டெல்லியிலோ துபாயிலோ 'காஞ்சீவரம்' என்றால் அது ஊரே இல்லை, துணி. "ஒரு காஞ்சீவரம் எடுத்தேன்" என்கிறார்கள். ஊர்ப்பெயர் பொருட்பெயர் ஆவதைத் தமிழ் இலக்கணத்தில் இடவாகுபெயர் என்று எம்.ஏ. வகுப்பில் பாடமாகப் படித்தோம். இடம் ஆகிவரும்போது இடத்தில் இருப்பவர்களெல்லாம் ஆகிவருவார்களா என்று அங்கே யாரும் கேட்கவில்லை. வெள்ளைக்காரன் போன பிறகும் அந்த இங்கிலீஷ் பெயர் தமிழுக்கே திரும்பி வந்தது. பிரியதர்ஷன் எடுத்து 2008இல் வந்த தமிழ்ப்படத்தின் பெயர் 'காஞ்சிவரம்'. தேசிய விருது பெற்ற படம். தன் மகளுக்குப் பட்டு கட்டிப் பார்க்க முடியாத நெசவாளியின் கதை. கதை நெசவாளிக்கு, பெயர் புடவைக்கடைக்கு.

1999இல் வந்த புவிசார் குறியீட்டுச் சட்டப்படி 2005-06இல் காஞ்சிபுரம் பட்டுக்குக் குறியீடு பதிவானது. அதாவது அந்தப் பெயர் இப்போது சட்டப்படி ஒரு சொத்து. வேறு ஊரில் நெய்ததை இந்தப் பெயரில் விற்கக்கூடாது. நல்லதுதான், நெசவாளிக்கு ஒரு பாதுகாப்பு. ஆனால் அந்தப் புடவையில் என்னென்ன இருக்கிறது? பட்டுநூல் கர்நாடகத்திலிருந்து வருகிறது, சரிகை பெரும்பாலும் சூரத்திலிருந்து. பெயருக்கு உரியது இங்கே தறியில் நடக்கிற வேலை, முக்கியமாகக் கோர்வை. உடல் ஒரு நிறம், கரை வேறொரு நிறம். இரண்டையும் பூட்டி நெய்வதற்குத் தறியில் நெசவாளி ஒருவர், கரைப்பக்கம் நாடா தள்ள இன்னொரு ஆள் வேண்டும். அந்த இன்னொரு ஆள் வெகுகாலம் ஒரு பிள்ளையாக இருந்தது. வீட்டுப் பிள்ளை இல்லாத தறிக்குச் சுற்றுக் கிராமத்திலிருந்து பிள்ளை வந்தது, பெற்றோர் கையில் கொடுத்த முன்பணத்துக்கு ஈடாக. ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் 2003 ஜனவரியில் பட்டுத்தொழிலின் கொத்தடிமைப் பிள்ளைகளைப் பற்றி இங்கிலீஷில் ஓர் அறிக்கை போட்டது. கர்நாடகம், உத்தரப்பிரதேசத்தோடு காஞ்சிபுரமும் அதில் இருக்கிறது, தலித் பிள்ளைகளும் இருக்கிறார்கள். அதற்கப்புறம் நிலைமை மாறியிருக்கிறது, இன்றைக்குத் தறியில் அன்றைக்கு இருந்த மாதிரி பிள்ளைகள் இல்லை. பெயரைச் சொத்தாகப் பதிந்த காகிதத்துக்கும் பிள்ளைகளைப் பதிந்த காகிதத்துக்கும் இரண்டு மூன்று வருஷமே வித்தியாசம். முதல் காகிதத்தை எல்லாப் புடவைக்கடையும் காட்டும். இரண்டாவதை யார் காட்டுவது?

இது நகரத்துக் கதை. கிராமத்துக் கதைக்கு உத்தரமேரூருக்குப் போகவேண்டும்.

காஞ்சிபுரம் மாவட்டத்து உத்தரமேரூரில் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள் இரண்டு, 919ஐயும் 921ஐயும் சேர்ந்தவை. குடவோலை முறை. 'சனநாயகத்தின் தொட்டில்' என்று பள்ளிக்கூடத்திலிருந்து பாராளுமன்றம்வரை சொல்கிறார்கள். 2020 டிசம்பரில் புதிய பாராளுமன்றக் கட்டடத்துக்கு அடிக்கல் நாட்டியபோது பிரதமரும் சொன்னார். அந்தத் தொட்டிலில் யார் படுக்கலாம் என்பதையும் கல்வெட்டே சொல்கிறது: வரி கட்டும் கால்வேலி நிலம், சொந்த மனையில் வீடு, 35க்கு மேல் 70க்குள் வயது, வேதம் தெரிந்திருக்க வேண்டும். சதுர்வேதிமங்கலம் என்றால் வேறெப்படி இருக்கும்! இதையெல்லாம் ஏற்கெனவே பலர் எழுதிவிட்டார்கள். நான் காட்ட வந்தது வேறு.

அந்த ஊர் 30 குடும்புகளாகவும் 12 சேரிகளாகவும் பிரிந்திருந்தது. ஆமாம், சேரி. பார்ப்பனர் குடியிருந்த பகுதிக்குக் கல்வெட்டு போட்ட பெயர் சேரி. 1904-05 தொல்லியல் துறை ஆண்டறிக்கையில் வெங்கையா இதை இங்கிலீஷில் மொழிபெயர்த்தபோது குடும்பு 'வார்டு' ஆயிற்று, சேரி 'ஸ்ட்ரீட்' ஆயிற்று. தெரு. உலகம் பூராவும் அந்த மொழிபெயர்ப்பைத்தான் படிக்கிறது. பன்னிரண்டு தெருக்கள் கொண்ட ஒழுங்கான ஊர் அவர்கள் மனசில் எழும்பும்.

அதே சொல் நம் இடத்துக்கு வரும்போது? கம்பெனி ஆவணத்தில் 'பார்ச்சேரி'. சென்னைப் பட்டணத்துப் பழைய பதிவுகளில் 'கிரேட் பார்ச்சேரி' என்றே ஒரு பகுதி இருந்தது. மொழிபெயர்க்கவில்லை, அப்படியே தூக்கிப் போட்டுக்கொண்டார்கள். பார்ப்பான் சேரிக்கு இங்கிலீஷில் சொல் கிடைத்தது, பறைச்சேரிக்குக் கிடைக்கவில்லை. இன்றைய மொழிபெயர்ப்பாளர்கள் அதை 'ஸ்லம்' என்று மாற்றுகிறார்கள். ஸ்லம் என்றால் நகரத்தில் அழுக்கும் நெரிசலும் உள்ள குடியிருப்பு. பொன்விளைகிற கழனிக்கு நடுவில், தலைமுறை தலைமுறையாக அந்தக் கழனியை உழுதவனின் இடம் எப்படி ஸ்லம் ஆகும்? சாதியை எடுத்துவிட்டு வறுமையை மட்டும் வைத்துக்கொள்கிற மொழிபெயர்ப்பு அது.

சேரி என்ற சொல்லுக்குப் பிறவியிலேயே இந்தத் தீட்டு இல்லை. சிலப்பதிகாரத்தில் கோவலனும் கண்ணகியும் மதுரைக்கு வெளியே தங்கும் புறஞ்சேரியில் இருந்தவர்கள் அறவோர்கள். ராசராசன் காலத்துத் தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டில் வரி இல்லாத நிலங்களைச் சொல்லும்போது ஊர்நத்தம், பறைச்சேரி, கம்மாணசேரி, சுடுகாடு என்று வரிசையாக வருகிறது. 'தீண்டாச்சேரி' என்றும் அந்தக் கல்லில் இருக்கிறது. ஆக 11ஆம் நூற்றாண்டுத் தொடக்கத்திலேயே ஊர் ஒரு நத்தம், சேரி ஒரு தனி இடம், ஒன்றுக்குத் தீண்டாமை முத்திரை. இதை வெள்ளைக்காரன் தலையில் கட்ட முடியாது. பிற்பாடு மற்ற சாதிகள் எல்லாம் சேரியிலிருந்து தெருவுக்குக் குடிபோய்விட்டார்கள், சொல்லை மட்டும் நம்மிடம் விட்டுவிட்டார்கள். இடப்பெயருக்குள் ஒட்டிக்கொண்டால் அதற்குத் தீட்டும் கிடையாது. வேளச்சேரியில் அடுக்குமாடி வாங்கியவர் தான் சேரியில் இருப்பதாக நினைப்பதில்லை. 2006இல் பாண்டிச்சேரி புதுச்சேரி ஆனபோதும் அந்த 'சேரி' யாரையும் உறுத்தவில்லை.

சரி, இது வெறும் சொல் விவகாரமா? இல்லை. செங்கல்பட்டு ஜில்லாவில் 1891இல் கலெக்டர் பொறுப்பில் இருந்த திரமென்ஹீர், செங்கல்பட்டுப் பறையர்களைப் பற்றி ஒரு குறிப்பை அரசுக்கு எழுதினார். காஞ்சிபுரம் தாலுகா அந்த ஜில்லாவில்தான் இருந்தது. அவர் கண்டதில் முக்கியமானது குடியிருக்கும் மனை. சேரி நத்தமும் தங்களுடையதே என்று மிராசுதாரர்கள் சொன்னார்கள். கூலி கூடக் கேட்டால், வேறு வேலைக்குப் போனால், "குடிசையக் காலி பண்ணு." இந்த மிரட்டல் இருக்கிறவரைக்கும் பண்ணையாளுக்கு விடுதலை கிடையாது. ஊர்ப்பெயர் பொதுவாக இருந்ததன் அர்த்தம் இதுதான்: பெயரில் பாதி உனக்கு உண்டு, மண்ணில் ஒரு சாண் கிடையாது. காகிதத்தில் 'வில்லேஜ்' என்று ஒரே சொல். அந்த வில்லேஜுக்குச் சொந்தக்காரர்கள் யார் என்று கேட்டால் மிராசுதாரர்கள் வந்து நின்றார்கள்.

அந்தக் குறிப்பும், ஆடம் ஆண்ட்ரூ, வில்லியம் கௌடி போன்ற பாதிரிகள் கொடுத்த நெருக்கடியும் சேர்ந்து 1892 செப்டம்பர் 30இல் 1010ஆம் எண் அரசாணை வந்தது. பஞ்சமி நிலம் என்று நாம் சொல்வது அதன்படி வந்தது. பத்து வருஷத்துக்கு விற்கக்கூடாது, அதற்கப்புறம் விற்றாலும் ஒடுக்கப்பட்ட வகுப்பாருக்கே விற்கவேண்டும் என்பது நிபந்தனை. பதிவேட்டில் அந்த நிலத்துக்கு எதிரே 'டி.சி.' என்று இரண்டு இங்கிலீஷ் எழுத்து விழுந்தது. 'டிப்ரஸ்டு கிளாஸ்' என்பதன் சுருக்கம். நம்மை ஊர்ப்பெயரிலிருந்து கழித்த அதே இங்கிலீஷ் ரெக்கார்டில்தான் நம் பாத்தியதையும் உட்கார்ந்திருக்கிறது. இந்த முரண்பாட்டை நான் சரிக்கட்டப் பார்க்கவில்லை, பயன்படுத்தப் பார்க்கிறேன்.

எப்படிப்பட்ட விலை கொடுத்து அந்த எழுத்துகளைத் தேடியிருக்கிறோம் என்பதைக் காரணைக்காரர்கள் சொல்வார்கள். 1994 அக்டோபர் 10இல் காரணை பஞ்சமி நிலத்தைக் கேட்டுச் செங்கல்பட்டில் திரண்டவர்கள் மேல் போலீஸ் சுட்டது. ஜான் தாமஸ், ஏழுமலை இரண்டு பேர் செத்தார்கள். நான் அப்போது கைப்பிள்ளை. எங்கள் பகுதியில் அமைப்பு வேலைக்கு வந்த மூத்த தோழர்கள் வாயால் கேட்டு வளர்ந்த கதை அது.

பெயரை நாம் மாற்றச் சொன்னதும் உண்டு. 1922இல் எம்.சி. ராஜாவின் முயற்சியால் அரசு ஏடுகளில் பறையர், பஞ்சமர் போய் ஆதிதிராவிடர் வந்தது. எங்கள் ஜில்லாக் கோழியாளத்தில் பிறந்த ரெட்டமலை சீனிவாசன், எல்லாரையும் போல நாமும் பொதுத்தெருவிலும் பொதுக்கிணற்றுக்கும் போகலாம் என்ற தீர்மானத்தை 1924இல் சட்டசபையில் கொண்டுவந்தார். ஒருத்தர் பெயரை மாற்றினார், இன்னொருத்தர் அந்தப் பெயரோடு நடந்துபோகிற வழியைக் கேட்டார். 'பறையன்' என்றே 1893இல் பத்திரிகை நடத்தியவர் சீனிவாசன் என்பதையும் நினைத்துக்கொள்ளுங்கள்.

சுதந்திரத்துக்கு அப்புறம் அரசாங்கம் தொகுப்பு வீடு கட்டிக்கொடுத்தது. சேரி 'காலனி' ஆயிற்று. இலத்தீன் மூலத்தில் அந்தச் சொல் நிலத்தை உழுகிறவனிடமிருந்து வந்தது. இங்கிலீஷில் அது பிறத்தியான் நாட்டில் போய்க் குடியேறினவனின் இடம். சென்னையில் ரயில்வே காலனி, பேங்க் காலனி என்றால் மரியாதை. காஞ்சிபுரத்திலிருந்து பஸ் ஏறிப் பத்து கிலோமீட்டர் வந்தால் அதே சொல் வசவு. "காலனிப் பையன்" என்றால் மேற்கொண்டு விளக்கம் வேண்டாம்.

2020 ஜூனில் 1,018 ஊர்ப்பெயர்களின் இங்கிலீஷ் எழுத்துக்கூட்டலைத் தமிழ் ஒலிப்புக்கு ஏற்ப மாற்றி அரசாணை வெளியானது. இரட்டை 'ஓ'வா, ஒற்றையா என்று கேலியும் சண்டையுமாகப் பத்து நாளில் வாபஸ் ஆனது. இங்கிலீஷ்காரன் நம் ஊர்ப்பெயரைச் சரியாக உச்சரிக்கவேண்டும் என்று அத்தனை கவலை. 2025 ஏப்ரல் 29இல் முதலமைச்சர் ஸ்டாலின் சட்டசபையில், 'காலனி' என்ற சொல் ஆதிக்கத்தின் அடையாளமாகவும் வசைச்சொல்லாகவும் ஆகிவிட்டதால் அரசு ஆவணங்களிலிருந்தும் பொதுப் புழக்கத்திலிருந்தும் நீக்கப்படும் என்று அறிவித்தார். இதை நான் வரவேற்கிறேன். கிண்டல் பண்ணமாட்டேன். வகுப்பில் முகவரி படிக்கிறபோது கடைசிச் சொல்லை முழுங்கின எந்தப் பிள்ளையும் கிண்டல் பண்ணமாட்டான்.

ஆனால் காலனி போனால் மிஞ்சுவது பொதுப்பெயர். எங்கள் ஆயா "ஊருக்குள்ள" என்று தள்ளிவைத்த அதே பெயர். இப்போது காகிதத்தில் ஊரும் சேரியும் ஒன்று. சுடுகாடு? சுடுகாட்டுக்குப் போகிற வழி? ஏரியில் மீன்பாசிக் குத்தகை? அம்மன் தேர் எதுவரைக்கும் வந்து திரும்புகிறது? இவற்றில் எதுவும் எழுத்துக்கூட்டலோடு மாறுகிற சங்கதி இல்லை. நிலத்துக்கு வந்தால் எனக்குப் பயமே இருக்கிறது.

போன வருஷம் நாங்கள் நாலு பேர் ஒரு கிராமத்து நிலத்துக்காக ஆபீஸ் ஆபீஸாக அலைந்தோம். எந்தக் கிராமம், எந்த ஆபீஸ் என்பது இங்கே வேண்டாம், விவகாரம் நடந்துகொண்டிருக்கிறது. கம்ப்யூட்டர் சிட்டாவில் அந்தச் சர்வே நம்பருக்கு ஒரு தனியார் பெயர், மற்றபடி ஒன்றுமில்லை. "பஞ்சமின்னு ஒண்ணும் போடலியே சார்" என்றார் அங்கே இருந்தவர், தன்மையாகத்தான் சொன்னார். எங்களோடு வந்த பெரியவர் விடவில்லை. "இதுக்கு முந்தின புஸ்தகத்த எடுப்பா. எங்கப்பன் காட்டியிருக்கான்." மூன்றாவது நடையில் பழைய பதிவேடு வந்தது. ஓரம் செல்லரித்த பக்கத்தில், குறிப்புக் கலத்தில், மை மங்கிய இங்கிலீஷ் கையெழுத்தில் டி.சி. பெரியவருக்கு இங்கிலீஷ் தெரியாது. அந்த இரண்டு எழுத்தின் வடிவம் தெரிந்திருந்தது, விரலை நேராக அங்கே கொண்டுபோய் வைத்தார்.

1980களில் நடந்த யூ.டி.ஆர். பதிவுகளில் இப்படி எத்தனையோ இடங்களில் அந்தக் குறிப்பு அடுத்த ஏட்டுக்கு ஏறாமலே போயிருக்கிறது. ஆகவே உங்கள் பகுதியில் இந்த வேலையைச் செய்யும் தோழர்களும் மாணவர்களும் இன்றைய 'அ' பதிவேட்டோடு நின்றுவிடாதீர்கள். யூ.டி.ஆருக்கு முந்தைய செட்டில்மென்ட் பதிவேட்டின் நகலை, சர்வே நம்பர் போட்டு, தகவல் உரிமைச் சட்டத்தில் எழுத்துமூலம் கேளுங்கள். கிராமத்தின் பெயரை எழுதும்போது பழைய ஏட்டில் இங்கிலீஷில் எப்படி எழுதியிருக்கிறதோ அதையும் பக்கத்தில் எழுதிக்கொடுங்கள். பெயர் ஒத்துவரவில்லை என்று சொல்லியே எங்கள் முதல் மனுவைத் திருப்பிவிட்டார்கள்.